மரகதம் அக்கா காட்டிய அல்லிக் குளம்

செவ்வாய்க்கிழமை காலையில் வேலு அண்ணனின் லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. அந்த நேரத்தில் அவர் புக்கிட் ரம்பாய் பக்கம் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியவர். இறங்காமலே, "ருக்கு, ஒங்கக்கா போயிட்டா" என்றார். ஸ்டியரிங்கிலிருந்து கையை அவர் எடுக்கவே இல்லை.

அவருடைய மனைவி மரகதம் எனக்குக் கூடப் பிறந்தவர் அல்ல. காஜா பெராங்கில் அடுத்த வீட்டுக்காரர். டவுன் சினிமாக் கொட்டகையில் பெண்கள் பகுதி வாசலில் டிக்கெட் கிழித்தவர். சங்கத்து உறுப்பினர்களான உங்களில் பலர் அவரை அங்கேதான் முதலில் பார்த்திருப்பீர்கள். இடத்துக்குச் சண்டை போட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருப்பீர்கள். இன்று நம் சங்கத்துத் தோட்டத்தில் அல்லிக் குளம் இருப்பது அவரால்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ!

நாடு சுதந்திரம் பெறவிருந்த ஆண்டு அது. கொண்டாட்டத்துக்கு மேடை வேண்டும், குளத்தை மண் போட்டு மூடிவிடலாம் என்றார் அன்றைய சங்கத் தலைவர். பெண்கள் நாங்கள் கூட்டத்துக்குப் போவோமே தவிர, வாய் திறக்க மாட்டோம். அன்று அக்கா எழுந்து நின்றார்.

"அந்த அல்லி பொழுது சாய்ஞ்சாத்தான் விரியும். நீங்க யாரும் பாத்ததே இல்ல. பாக்காமலே மூடுறீங்களே?"

"இருட்டுல கெடக்குற பூவ எப்படிம்மா பாக்குறது?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

"நான் காட்டுறேன். ஞாயித்துக்கிழமை வெளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் வாங்க. நல்லா இல்லேன்னா மொத கூடை மண்ண நானே கொட்டுறேன்."

வீட்டுக்கு வரும் வழியில், "எப்படிக்கா காட்டுவீங்க?" என்று கேட்டேன். "யாருக்குலா தெரியும்? வா, பாப்போம்" என்றார்.

முதலில் கரையைச் சுற்றி மண்ணெண்ணெய் விளக்குகளை வைத்துப் பார்த்தோம். விளக்குகள்தான் தெரிந்தன, தண்ணீர் தார் போலக் கறுத்துக் கிடந்தது. தண்ணீருக்குள்ளேயே வெளிச்சம் இருக்க வேண்டும் என்றார் அக்கா. வீட்டுக் கரண்டை இறக்கினால் ஆள் செத்துப் போவான் என்று வேலு அண்ணன் தடுத்தார். பிறகு அவரே லாரி பேட்டரியைக் கழற்றித் தந்தார், பழைய லாரி பல்புகளையும் தேடிக் கொண்டுவந்தார். முனைக்கடை முதலாளியான சீனத் தவுக்கே மிட்டாய் வைக்கும் கண்ணாடி ஜாடிகளைக் கொடுத்தார். ஜாடிக்குள் பல்பை வைத்து, மூடியைச் சைக்கிள் டியூப்பாலும் மெழுகாலும் அடைத்தோம். தண்ணீரில் விட்டதும் ஜாடி மிதந்தது! உள்ளே கல்லைப் போட்டோம். மூழ்கியது, எரிந்தது. ஆனால் பாசியும் சேறுமாக இருந்த தண்ணீர் பால் கலந்த தேத்தண்ணி போலத் தெரிந்தது.

மறுநாள் தெருப் பெண்கள் எல்லோரும் வாளியோடு வந்தார்கள். மீன்கள் அண்டாவுக்குப் போயின. அல்லிச் சட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு அடிவரை தேய்த்துக் கழுவினோம். நல்ல தண்ணீர் நிறைந்ததும் அக்கா பார்வையாளர் உட்காரப்போகும் நாற்காலியில் போய் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தார்.

"கண்ணு கூசுது ருக்கு. கொட்டகையில படம் பாக்குறவங்க மெஷின் வெளிச்சத்தையா பாக்குறாங்க? வெளக்க மறைச்சு வை. பூவு தெரிஞ்சாப் போதும்."

ஜாடிகளைக் கரையின் விளிம்புக்கடியில் ஒளித்து, பூக்களின் பக்கம் திருப்பினோம்.

ஞாயிறு மாலை மழை கொட்டியது. எல்லோரும் மண்டபத்துக்குள் ஒதுங்கினார்கள். "குளம் நெறஞ்சிடுச்சு, பூவு காட்டியாச்சா?" என்று யாரோ கிண்டல் செய்தார். அக்கா பேட்டரிமேல் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். மழை ஓய்ந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பேட்டரியில் ஒயரை இணைத்தேன்.

குளம் அடியிலிருந்து விடிந்தது போல இருந்தது. தண்டுகள் பச்சையாக எழுந்து நின்றன. இலைகளுக்கடியில் மீன்கள் பொன் பொன்னாக நகர்ந்தன. மேலே ஏழெட்டு வெள்ளை அல்லிகள் முழுதாக விரிந்திருந்தன. பக்கத்தில் மலாய் பேசும் சிட்டித் தமிழர்கள் வாழும் கம்பத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண் ஒருத்திதான் முதலில், "சாந்தேக்! அழகு, அழகு!" என்று கத்தினாள். அப்புறம் எழுந்த கைத்தட்டல் டவுனில் ஜாலான் பெண்டஹாரா வரை கேட்டிருக்கும்.

தலைவர் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மேடைய அந்தப் பக்கம் கட்டிக்கலாம்" என்றார். பிறகு, "அடுத்த கூட்டத்துல நீ முன்னால வந்து ஒக்காரும்மா" என்றார். சுதந்திரக் கொண்டாட்டத்தன்று மேடையில் பாட்டு நடந்துகொண்டிருக்க, பாதிக் கூட்டம் குளத்தங்கரையில்தான் நின்றது.

எனக்குள் தங்கியிருப்பது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கைத்தட்டல் எழுந்தபோது நான் வழக்கம்போலப் பின்னால் ஒதுங்கினேன். ஈரக் கையால் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தினார். "நில்லுலா. ஒனக்கும் சேத்துத்தான் தட்டுறாங்க." அன்றிலிருந்து நான் பின்வரிசையில் உட்கார்ந்ததில்லை. மரகதம் அக்கா எனக்கு விட்டுப் போனது அதுதான். அதை நான் யாருக்காகவும் விட்டுக் கொடுக்கப் போவதில்லை.