பஸ்ஸுக்கு வழிவிட்ட கார்

எழுபதுகளின் கடைசியில் என்னிடம் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது; இரண்டே சீட். வளைவுகளில் வேகமாகப் போவதற்காக ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தி, பெரிய கார்ப்ரேட்டர் மாட்டியிருந்தேன். கொடைக்கானலில் அதை முந்திய வண்டி கிடையாது.

ஒருநாள் பூம்பாறையில் பூண்டு விவசாயி ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். பக்கத்தில் பிரசவ வலியோடு அவர் மனைவி.

"பஸ்ஸக் காணோமுங்க. இவள மட்டும் வெரசா ஆஸ்பத்திரில சேத்துருங்க. நான் பின்னாடி வாரேன்."

முன்பின் தெரியாத என்னிடம் மனைவியை ஒப்படைத்துவிட்டு அவர் ரோட்டிலேயே நின்றுகொண்டார்.

முதல் பள்ளத்திலேயே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டார். ஸ்பிரிங் வெட்டிய வண்டி ஒவ்வொரு கல்லிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. "மெதுவாப் போங்கண்ணே" என்றார். முதல் கியரில் ஊர்ந்தேன். பின்னால் ஹாரன் கேட்டது. ஒதுங்கினேன், பஸ் முந்திப் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் கணவர் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தார். ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, "பதனமாக் கொண்டாந்துட்டீங்க" என்றார். அரை மணியில் பெண் குழந்தை பிறந்தது.

அந்தக் காரை நான் ஓட்டுவதைப் பார்த்துப் பலர் கைதட்டியிருக்கிறார்கள். ஓட்டியதற்கு நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான்.