எங்க குட்டிக்கு அப்பன் யாரு?

பந்தயக் குதிரைக்கு ஜோடி சேர்க்கிற தொழிலில் பலன் தெரிய நாலு வருசம் ஆகும். திட்டு மட்டும் அன்றைக்கே வந்துவிடும். கடலாடிப் பக்கம் பொலிக்கு, அதாவது இனம் சேர்க்க, ஆண் குதிரை வளர்க்கிறவன் நான். ஆடோ மாடோ நாயோ வளர்த்து அடுத்தவரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு என் கதை புரியும்.

கறுப்புக் குட்டி

வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்று பூமிநாதன் தன் பொட்டைக் குதிரையை என் வெள்ளைக் குதிரையிடம் கொண்டுவந்தார். பதினோரு மாதம் கழித்துப் பிறந்தது கரிக்கட்டை நிறத்தில் ஒன்று. பைக்கை நிறுத்துவதற்கு முன்பே, "ஏலே, எந்தக் குதிரையை விட்ட?" என்று சத்தம் போட்டார். இந்த வகை வெள்ளைக் குதிரை பிறக்கும்போது கறுப்பாகத்தான் இருக்கும், வருசம் போகப் போக வெளுக்கும் என்றேன். நம்பவில்லை. ஊரெல்லாம் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லித் திரிந்தார்.

நாலு வருசத்தில் குட்டி பால்போல வெளுத்தது. பூமிநாதன் மறுபடி வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்து டீ சொன்னேன். டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வெளுத்துருச்சுப்பா, சரிதேன். ஆனா இப்பக் கறுப்புக்குத்தானே கிராக்கிங்கிறாக?"

சொந்தத்துக்குள்ளே

ஏர்வாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் கொண்டுவந்த பொட்டை, என் குதிரைக்கே பிறந்தது. அப்பனையும் மகளையும் சேர்த்தால் வேகம் ரெட்டிப்பாகும் என்பது அவர் கணக்கு. குறையும் ரெட்டிப்பாகும், முடியாது என்றேன். அவருக்குக் கோபம். "நான் அத்தை மகளைத்தேன் கட்டிருக்கேன். எம் புள்ளைக ஓடலையா?" என்றார்.

பக்கத்தில் நின்ற அந்த அத்தை மகள் சொன்னார்: "ஓடுறாகளே, பள்ளிக்கூடத்தப் பாத்ததும்!"

நான் செய்த தப்பு

அடுத்தவருக்குப் புத்தி சொன்ன நான், என் செவலைப் பொட்டைக்கு ஜோடி தேடும்போது வேகத்தில் மயங்கினேன். இராமநாதபுரத்தில் ஒரு ஆண் குதிரை. அதை முந்த ஆளில்லை. கடிக்கும், கூட்டத்தைக் கண்டால் மிரளும் என்று சொன்னார்கள். குணம் பழக்கத்தில் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்தேன்.

பிறந்த குட்டி காற்றாய்ப் பறந்தது. முதல் குதிரைவண்டிப் பந்தயத்தில் வண்டி ஓட்டியவன் என் மனைவியின் தம்பி முருகேசன். வெடிச்சத்தம் கேட்டதும் குதிரை மிரண்டு ரோட்டை விட்டு இறங்கியது, வண்டி கவிழ்ந்தது, அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கால்மாட்டில் நின்றேன்.

கடைசியில் அவனே பேசினான்: "மச்சான், அடுத்த தடவை அப்பன் குதிரை காலை மட்டும் பாக்காதீக. அதை ஓட்டுனவன் கை முழுசா இருக்கான்னும் பாருங்க."

மூணாவது

பார்த்தேன். அதே செவலைக்கு அடுத்து நான் தேடியது நடுத்தர வேகம், சாந்தமான குணம். "கோயில் மாடு பிறக்கும்" என்று சிரித்தார்கள். அந்தக் குட்டி வளர்ந்து பந்தயத்துக்கு வந்தபோது, வேண்டாம் என்று நான் தடுத்தும் முருகேசனே வண்டியில் ஏறினான். முன்னால் போன வண்டி ஒன்று குறுக்கே திரும்பி நின்றது. கயிற்றை லேசாக இழுத்தான். குதிரை மிரளாமல் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு ஓடியது.

மூணாவதாக வந்து இறங்கியவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்: "மூணாவதுதேன் மச்சான். ஆனா முழுசா வந்திருக்கேன்ல!"

ஆக, குதிரைக்குக் குதிரையை எப்படியாவது தேர்ந்தெடுத்துவிடலாம், அதோடு கூட வருகிற ஆளைத்தான், பூமிநாதனோ முருகேசனோ, தேர்ந்தெடுக்க வழியில்லை.