ஹனாயோவின் பையைச் சுமந்த இரண்டு கோடைகள்

கோல்ஃப் மைதானத்தில் அடுத்தவருடைய மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடப்பவனுக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர் வெல்வதற்காக உழைத்துவிட்டு ஓரமாக நின்று கைதட்டுகிற வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால், நீங்களும் என் கட்சிதான். வாசியுங்கள்.

பெயர்ப் பொருத்தம்

வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, விட்பிக்கு அங்கால் ஒரு கோல்ஃப் கிளப்பில் கேடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கோல்ஃப் தெரியாது என்றேன். நடக்கத் தெரியுமா, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். இரண்டும் தெரியும்.

அந்தக் கிழமையே ஒரு பிறந்தநாள் விழாவில், என் மனைவி சாந்தியின் தம்பி நாலு பேருக்கு முன்னால் புது வேலையைப் பற்றிக் கேட்டான். சொன்னேன். சிரித்து முடிய அவன் சொன்னது: "அத்தான், உதைச் செய்ய விமானம் ஏறி வரவேணுமே? ஊரிலையே கேடியள் கனபேர் இருந்தவங்கள்."

ஒரு கை வெள்ளை

அந்த வேலையில் என் மூன்றாவது கோடையில் ஹனாயோ வந்தா. ஜப்பானில் பத்தொன்பது வயதில் தொழில்முறை ஆட்டக்காரியாகி, அங்கே இரண்டு போட்டிகள் வென்றவ. அந்தத் துணிவில் அமெரிக்கா போய், மூன்று வருடத்தில் அங்கே இடத்தை இழந்து, கடைசியில் கனடாவின் சின்னச் சின்னப் போட்டிகளுக்கு வந்து சேர்ந்திருந்தா. வயது முப்பத்தெட்டு. கிளப்பில் ஒருவரும் சுமக்க முன்வராத பை அது. வெல்லாத ஆளின் பை இன்னும் பாரம் என்பார்கள். என்னிடம் தந்தார்கள்.

இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது. ஒருநாள் வெக்ஸ்போர்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். இடியப்பத்தைக் கையால் பிய்த்து, சொதியில் குழைத்துச் சாப்பிட்டா. கோல்ஃப்காரர் இடக்கையில் மட்டும் உறை போடுவார்கள். வெயில் படாமல் அந்தக் கை வெளிறிப்போயிருக்கும். இதைச் சாந்திக்குச் சொல்ல நான் மறந்துவிட்டேன். அவ என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் காதோடு சொன்னா: "பாவம், பிள்ளைக்கு ஒரு கை கறுப்பு, ஒரு கை வெள்ளை. டொக்டரிட்டைக் காட்டச் சொல்லுங்கோப்பா."

மூன்றடித் தூரம்

ஹனாயோவின் நோய் கையில்தான் இருந்தது, ஆனால் நிறத்தில் அல்ல. இருநூறு யார்ட் தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பா. பிறகு சின்னப்பிள்ளை உருட்டினாலும் விழுகிற மூன்றடித் தூரத்தில் நின்று உருட்டப் போவா. அந்தக் கணத்தில் வலக்கை வெட்டி இழுக்கும். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

பயிற்சியில் அது வராது. போட்டியில் மட்டும் வரும். டொக்டர்மார் நரம்பு என்றார்கள், மனசு என்றார்கள். ஒருநாள் ஒஷாவாவில் ஒரு போட்டியில் கடைசிக் குழியில் அப்படித் தவறவிட்டு, வாகனத் தரிப்பிடத்தில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னா: "இந்தக் கையை நான் இருபது வருடம் வேலை வாங்கினேன். இப்போது அது லீவு கேட்கிறது. கேட்கிற நேரம்தான் சரியில்லை."

பதினைந்து

நான்காவது கோடை. பெரிய போட்டி ஒன்று அந்த வருடம் ரொறன்ரோவுக்கு வந்தது. உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் போகிற போட்டி. அதற்குள் நுழைய ஒருநாள் தகுதிச் சுற்று. முதல்நாள் பயிற்சியில் ஹனாயோ குழிக்குள் உருட்டும் மட்டைகளில் பழையதையும் புதியதையும் மாறிமாறிப் பாவித்துப் பார்த்தா. முடிவில் புதியதை என்னிடம் தந்து, காரில் வைக்கச் சொன்னா. சரி என்று பைக்குள் செருகினேன். அந்த நேரம் சாந்தியின் போன் வந்தது, ஏதோ கறிவேப்பிலைக் கதை. மட்டை பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஒரு பைக்குள் பதினான்கு மட்டைகள்தான் இருக்கலாம். ஆட்டம் தொடங்குமுன் எண்ணுவது கேடியின் வேலை. அன்று நான் எண்ணவில்லை. இரண்டாவது குழியில் பழைய மட்டையை உருவும்போது பக்கத்தில் புதியது தட்டுப்பட்டது. எண்ணிப் பார்த்தேன்: பதினைந்து. ஒருவரும் பார்க்கவில்லை. துவாயைப் போட்டு மூடிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்; பொய் சொல்லமாட்டேன், நினைத்தேன். பிறகு அவவிடம் போய்ச் சொன்னேன். தானே கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டா. தண்டனை, குழிக்கு இரண்டாக நான்கு ஷொட் அவவின் கணக்கில் கூடியது; கோல்ஃபில் அடி குறைந்தவர்தான் வெல்வது.

அதற்குப் பிறகு அவ விளையாடிய விளையாட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கை ஒருமுறைகூட வெட்டி இழுக்கவில்லை. மூன்று ஷொட்டால் தகுதி தவறியது. நான் புல்லில் இருந்துகொண்டு அழுதேன். கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவ, எனக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னா: "மட்டை எத்தனை என்று பார்க்க வேண்டியது விளையாடுகிறவள். விதிப் புத்தகத்தில் உங்கள் பெயர் இல்லை."

மழை

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலையில் நெரிசல். கார் ஊர்ந்தது. ஹனாயோ ஜப்பானுக்குப் போன் எடுத்து மெல்லிய குரலில் கதைத்தா. அங்கே விடியற்காலை. தாயார் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தா. கடை வைத்துப் பிள்ளையை வளர்த்த மனுசி; கடையைப் பூட்டிவிட்டுப் போக முடியாமல், மகள் விளையாடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிய போட்டிக்குள் போனால் தொலைக்காட்சியைப் போட்டுக் காட்டுகிறோம் என்று இல்லத்துத் தாதிமார் சொல்லி வைத்திருந்தார்களாம். போனை வைத்துவிட்டு அவ சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. அம்மாவுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னா: "மழையால் போட்டி நின்றுபோனது என்றேன். நனையாமல் வீட்டுக்குப் போ என்றார்."

செவ்வாய்க்கிழமை மாணவர்

அந்த வருட மாரிக் குளிரில் தாயார் இறந்துபோனா. ஹனாயோ போய், காரியம் முடித்துத் திரும்பி வந்தா. அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. இப்போது ஸ்காபரோவில் கூரை போட்ட பயிற்சிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறா. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனேன். பென்சன் எடுத்த எங்கள் ஆள் ஒருவர் பந்தைத் தவிர எல்லாவற்றையும் அடித்துக்கொண்டிருந்தார். ஹனாயோ ஒவ்வொரு முறையும் குனிந்து, பந்தைத் திரும்ப வைத்து, அவர் முழங்கையைச் சரிசெய்தா. முகத்தில் சலிப்பே இல்லை.

அவ தண்ணீர் குடிக்கப் போன நேரம், தமிழ் முகத்தைக் கண்ட சந்தோசத்தில் அந்த மனுசன் என் பக்கம் சாய்ந்தார்: "தம்பி, நல்ல பொறுமையான பிள்ளை. உவ சும்மா படிப்பிக்கிற ஆளோ, இல்லாட்டித் தானும் கொஞ்சம் விளையாடுவாவோ?"

இந்த வேலைக்குச் சேர்ந்த நாளில் பை தூக்கவும் மட்டை துடைக்கவும் நிழல் விழாமல் நிற்கவும் பழக்கினார்கள். அந்தப் பதினைந்தாவது மட்டையை மறக்கிறது எப்படி என்று மட்டும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.