வாசித்துக் காட்டிய பதில்

பாத்திரம் கழுவுகிறவரின் வலது முன்கையில் ஏழு தழும்புகள் இருந்தன. எல்லாம் ஒரே நீளம். பரோட்டாவைத் திருப்பிப் போடும் சட்டுவத்தின் விளிம்பு எவ்வளவு அகலமோ, அவ்வளவு.

பதினெட்டு வருடம் பத்திரிகையில் வேலை பார்த்த பிறகு, தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிய ஓர் ஆய்வுக்குக் கேள்வி கேட்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். அந்த மலையாள நகரத்தில், சாலைக் கடைத்தெருவிலும் பழவங்காடியைச் சுற்றியும் தமிழ் பேசுகிறவர்கள் என் பங்கு. மூட்டை இறக்குகிறவர்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், இரும்புக்கடையில் கம்பி வெட்டுகிறவர்கள், ஹோட்டல் ஆட்கள். எல்லோருக்கும் ஒரே படிவம். இடுப்பு வலி, இருமல், தூக்கம் என்று போய், முடிவதற்குச் சற்று முன் ஒரு கேள்வி வரும்: கடந்த ஒரு வருடத்தில் வேலையிடத்தில் யாராவது உங்களை அடித்தார்களா?

எல்லோரும் இல்லை என்றார்கள். கம்பி வெட்டுகிற ஒருவர் முன்பல் இருந்த இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டே இல்லை என்றார். துணிக்கடைப் பெண் ஒருத்தி, மேற்பார்வையாளர் மீட்டர் கோலை எறிந்ததைச் சொல்லிவிட்டு, "அது எம்மேல படல்ல. அப்போ இல்லைன்னு அல்லே போடணும்?" என்று என்னிடமே கேட்டாள்.

பழவங்காடிக்குப் பின்னால் இருந்த அந்த ஹோட்டலுக்கு, மதியக் கூட்டம் முடிந்து டீக்கூட்டம் தொடங்குவதற்குள் போனேன். கழுவுகிறவருக்கு நாற்பத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கம். பரோட்டா மாஸ்டர் அவருடைய மனைவியின் அண்ணன். ஆறு வருடம் முன்பு இவரை இங்கே கூட்டி வந்தவரும் அவர்தான். ஓணம் முடிந்ததும் இவரைப் பரோட்டாக் கல்லுக்கு மாற்றுவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். நான் வயது கேட்பதற்கு முன்பே அதைத்தான் என்னிடம் சொன்னார்.

"ஆறு வருசமா ஈரத்துல நிக்கேன் சார். கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணு. கல்லுக்குப் போயிட்டா காஞ்ச தரை. மாவு வீசப் படிச்சிட்டேன், பாக்கேளா?" ஈரத் துணியை எடுத்துத் தொட்டி விளிம்பில் இரண்டு தடவை வீசிக் காட்டினார். நன்றாகவே விரிந்தது.

தனியாக வைத்துத்தான் பேச வேண்டும் என்பது ஆய்வின் விதி. அவரால் அந்தப் பின்கட்டை விட்டு வர முடியாது. அங்கே வேறு யாரும் இல்லை. கழுவும் தொட்டி, ஒரு தகரத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி. 'தனியாக' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

அந்தக் கேள்வி வந்தது. "அடியா? அப்பிடி ஒண்ணும் இல்ல சார்," என்றார். நான் அவருடைய கையைப் பார்த்தேன்.

"இதுவா? மச்சான் சட்டுவத்தால கல்லு ஓரத்துல தட்டுவாவ. ரெண்டு தட்டுக்குள்ள கழுவின பிளேட்டு உள்ள போயிரணும். மூணாவது கையில விழும். சட்டுவம் சூடா இருந்தா தழும்பு நிக்கும், ஆறிருந்தா நிக்காது."

"இல்லைன்னே போடட்டுமா?"

யோசித்தார். "நடந்ததையே போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

எழுதினேன். பேட்டியில் முக்கியமான வாக்கியத்தைச் சொன்னவருக்கே திரும்ப வாசித்துக் காட்டுவது பத்திரிகையில் பழகிய வழக்கம். பின்னால் மறுப்பு வராது. இந்த ஆய்வில் அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன், சத்தமாக, நிறுத்தி நிறுத்தி: "மாஸ்டர் சூடான சட்டுவத்தால் அடிப்பார். கையில் ஏழு தழும்புகள். சரிதானா?"

தகரத்துக்கு அந்தப் பக்கம் மாவு அடிக்கும் சத்தம் நின்றது.

மாஸ்டர் சட்டுவத்தோடு வந்தார். முதலில் என்னிடம்தான் பேசினார். "சாரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. தண்ணி தெறிக்கும்." பிறகு அவரிடம் திரும்பினார். "மாப்ள, ஏழுன்னு எண்ணியா வச்சிருக்க? எட்டாக்கிருவோமா?"

கழுவுகிறவரின் கையில் கண்ணாடி டம்ளர் ஒன்று இருந்தது. அதைப் பத்திரமாகத் தொட்டி விளிம்பில் வைத்தார். வைத்து முடிக்கும்வரை மாஸ்டர் காத்திருந்தார். பிறகு, விளிம்பிலேயே இருந்த வலது கையின்மேல் சட்டுவத்தைக் கூர்ப்பக்கமாக இறக்கினார். முதல் அடி எலும்பில் கேட்டது. இரண்டாவது எலும்பிலும் சிமெண்டிலும் சேர்ந்து கேட்டது. மூன்றாவது தோளில் விழுந்தது. நடுவிரலிலும் மோதிர விரலிலும் சதை விலகி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. சோப்புத் தண்ணீர் சிவந்தது. டம்ளர் உடையவில்லை. "விடுங்க" என்று நான் சொன்னது மூன்றாவது அடிக்குப் பிறகு.

மாஸ்டரே காப்பித்தூளை அள்ளி வைத்து அழுத்தித் துண்டைக் கட்டினார். "கையத் தலைக்கு மேல தூக்கிப் பிடி மாப்ள," என்றார். குரலில் கோபம் இல்லை. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"எங்ஙனெயா முறிஞ்ஞது?" எப்படி வெட்டுப்பட்டது என்று நர்ஸ் கேட்டார். அடி என்று சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"கிளாஸ் பொட்டியதா சிஸ்டரே," டம்ளர் உடைந்துவிட்டது என்றார் கழுவுகிறவர்.

நர்ஸ் நசுங்கிக் கறுத்த நகங்களைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நிங்ஙள் கண்டோ?" என்றார். கழுவுகிறவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலையை மிக லேசாக, வேண்டாம் என்று அசைத்தார்.

நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

தையல் போட்ட பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "அந்தப் பேப்பரத் தந்திருங்க சார்," என்றார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரியை ஆரம்பத்தில் நான்தான் அவருக்கு வாசித்திருந்தேன். கொடுத்தேன். கட்டுப்போட்ட கையால் கிழிக்க முடியவில்லை. ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தார். கடைசியில் மச்சானிடம் நீட்டினார். மாஸ்டர் நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கல்லு?" என்று கேட்டார் கழுவுகிறவர்.

"கை ஆறட்டும் மாப்ள, பாப்போம்."

விலகியவர்களுக்கு அலுவலகத்தில் தனித் தாள் உண்டு. காரணம்: விருப்பமில்லை, நேரமில்லை, இடம் மாறிவிட்டார், வேறு. 'வேறு' என்பதற்குக் கீழே எழுதுவதற்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நான் 'நேரமில்லை' என்பதில் குறியிட்டேன்.

ஓணம் முடிந்து மூன்றாவது வாரம் அந்த ஹோட்டலுக்குப் போனேன். கல்லில் மாஸ்டர் பக்கத்தில் புது ஆள் ஒருவர் மாவு வீசிக்கொண்டிருந்தார். பின்கட்டில் இவர் தொட்டி ஓரம் குந்தியிருந்தார். வலது கையின் இரண்டு விரல்கள் நேராக நின்றன.

"மடங்க மாட்டேங்கு சார். மாவு பிடிக்கு நிக்காது. பிளேட்டு கழுவ இது போதும்."

உள்ளே சட்டுவம் கல் ஓரத்தில் ஒரு முறை தட்டியது. இரண்டாவது தட்டு கேட்டபோது அவர் பிளேட்டுகளோடு உள்ளே போயிருந்தார்.