கடைசியாகப் படிக்கப்படும் ஃபைல்

அண்ணியைக் கேட்காமல் எங்கள் அலுவலகத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது என்று ஒரு காலம் இருந்தது. பரிசோதனைக் கூடங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளின் கைபேசிக்கு அனுப்பும் மென்பொருள் எங்களுடையது. எந்தக் கூடம் எப்போது அனுப்ப வேண்டும், எந்த மொழியில், நோயாளிக்கு முதலிலா டாக்டருக்கு முதலிலா என்ற அமைப்புகள் எல்லாம் ஒரே ஃபைலில் முடிவில்லாமல் நீண்டு கிடந்தன. எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் உடனே சொல்லிவிடமாட்டாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சொல்வாள். அந்த ஒரு வாய்க்காகத்தான் அவள் வேலைக்கே வந்தாள் என்பேன் நான்.

அவளுடைய நாத்தனார் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நாங்கள் எல்லோரும் அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தோம். மேலாளரிடம் பேசிச் சேர்த்துவிட்டதும் அண்ணியேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள், பாவம்.

வந்த பெண் அந்த நீண்ட ஃபைலை அக்கக்காகப் பிரித்தாள். எல்லாருக்கும் பொதுவானது ஒன்று. ஒவ்வொரு கூடத்துக்கும் தனியாக ஒன்று, அதில் அந்தக் கூடத்துக்கு மட்டும் மாறுபடுவதை எழுதினால் போதும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் மென்பொருள் அங்கேயே முரண்டு பிடித்து நின்றுவிடும். வேலை சுளுவாகிவிட்டது. யாரும் அண்ணியின் மேசைக்குப் போகவில்லை. நானும்தான் போகவில்லை.

"பாத்தியா, எல்லாரும் அவ நாற்காலியச் சுத்தியே நிக்கறாங்க" என்றாள் அண்ணி என்னிடம்.

"வேலை சீக்கிரம் முடியுது, அண்ணி."

"வீட்லயும் இதே பாட்டுதான். எம்பொண்ணு போய்த்தான் உங்க ஆபீஸே உருப்பட்டுதாமேன்னு மாமியார் கேக்கறாங்க. அப்ப இத்தனை வருஷமா நான் என்ன கிழிச்சேன்?"

அவளுக்கு வயிறு எரிந்தது. மறைக்கக்கூட இல்லை. நாத்தனார் புதுச் சட்டை போட்டு வந்தால் எரிந்தது, சிரித்தால் எரிந்தது.

"அண்ணி, பழைய ஃபைல சாஃப்ட்வேர் இனிமே படிக்க வேணாம். எடுத்துடறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்டது மரியாதைக்காக.

"எடுத்துட்டேன்" என்றாள் அண்ணி.

எடுக்கவில்லை. மென்பொருள் படிக்கும் வரிசையில் கடைசிக்குத் தள்ளியிருந்தாள். கடைசியாகப் படித்தது எதுவோ அதுதான் செல்லும். நாத்தனார் தன் ஃபைலில் எதை மாற்றினாலும், பழைய ஃபைலில் அதற்கு ஒரு வரி இருந்தால் அந்த மாற்றம் எடுபடாது. பழையதும் முறையாக எழுதப்பட்டதுதான் என்பதால் மென்பொருள் முணுமுணுக்கக்கூட இல்லை. ஒரு கூடத்திலிருந்து புகார் வரும், நாத்தனார் விழிப்பாள், அண்ணி டீயைக் குடித்துவிட்டு பழைய ஃபைலில் அந்த வரியை அழிக்க இரண்டு தட்டுத் தட்டுவாள், சரியாகிவிடும். பழையபடி அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம். அண்ணியின் முகத்தில் அப்படியொரு தெளிச்சி.

நாத்தனாரின் முகம்தான் சுண்டிப்போனது. அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இப்படியே போனால் ஆகவும் ஆகாது என்று மேலாளர் சாடைமாடையாகச் சொல்லிவிட்டார்.

அப்போது ஒரு கூடத்திலிருந்து கேட்டார்கள்: மோசமான முடிவு என்றால் நோயாளிக்கு நேரே அனுப்பாதீர்கள், முதலில் டாக்டர் பேசட்டும். நாத்தனார் தன் ஃபைலில் அப்படியே அமைத்தாள். பழைய ஃபைல் அதைத் தள்ளிவிட்டு, உடனே அனுப்பு என்றது. ஓர் ஆசிரியை தனக்கு என்ன நோய் என்பதை வகுப்பறையில், பிள்ளைகள் முன்னால் நின்றபடி கைபேசியில் படித்தாள். டாக்டர் மேலாளரைக் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தார்.

மேலாளர் எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதற்குள் நாத்தனார் அந்த வரிசையைத் தோண்டி, பழைய ஃபைல் கடைசியில் கிடப்பதைப் பார்த்துவிட்டிருந்தாள். அண்ணியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேலாளரிடம் திரும்பினாள்.

"பழைய ஃபைல் போயிடுச்சான்னு நான் பாத்திருக்கணும் சார். என் தப்புதான்."

"தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்மா" என்றார் மேலாளர். குரல் இளகிவிட்டது.

அண்ணி தப்பித்தாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் முகமோ கறுத்துச் சிவந்தது. சட்டென்று எழுந்தாள்.

"ஏண்டி, நல்ல பேரையும் நீயே வாரிக்கிட்டுப் போகணுமா? சார், அவ ஒண்ணும் பண்ணல. எடுத்துட்டேன்னு பொய் சொன்னது நான். இவளப் பாத்தா எனக்குப் பொறுக்கல, அதான்."

மேலாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆசிரியையிடம் யாராவது பேச வேண்டுமே என்று கடைசியில் முனகினார். நாத்தனாரின் கை தொலைபேசிப் பக்கம் போனது.

அண்ணி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "இதையாவது எனக்கு விடு."

அண்ணி அந்த ஆசிரியையின் எண்ணைத் தட்டினாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் "சொல்லுங்க" என்றது. மறுபடியும் "சொல்லுங்க, யாரு?" என்றது. அண்ணியின் கண்கள் மேசைமேல் டீயைத் தேடின.