ஐந்தாவது பெயர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பாதி ஊரை மேலே ஏற்றி இறக்கிய மனுஷன், எங்களை மட்டும் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாவது மாடிக்கு நடக்க விட்டிருக்கிறார். வாரம் முழுக்க அவர் மேல் கிரீஸ் வாடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலைப் பார்த்து நிற்பார். எனக்காக என்று நினைத்தால் நான்தான் முட்டாள். கூட்டாளிகள் நாலு பேர் வருவார்கள்.

அவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் கண்ணாடிக்கடைக்காரரும் பஸ் டிரைவரும். எல்லோரும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைச் சுமந்து வருவார்கள். இவர் தன்னுடையதோடு கேபிள் போட்டு இணைப்பார். ஐந்து பேரும் சேர்ந்து ஓர் ஊரைக் கட்டும் விளையாட்டு. மூன்று வருடமாகக் கட்டினார்கள், வேலை வெட்டி இல்லாத மாதிரி. அந்த ஊர் இவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இவர் திறந்துவிட்டால்தான் மற்றவர்கள் உள்ளே போக முடியும். முதல் நாளே எல்லோர் பெயரையும் பதிந்துவிட்டு, கடைசியில், ஐந்தாவதாகத் தன் பெயரைப் போட்டார்.

அவர்கள் விளையாடுவார்கள். இவர் கேபிள் மாற்றுவார், டீ கொண்டு வருவார், யாருடைய திரை நின்றாலும் ஓடுவார். ஊரின் ஓரத்தில் இவர் வீடு மட்டும் பாதிக் கூரையோடு நிற்கும்.

"உங்க வீட்ட எப்பங்க முடிப்பீங்க?"

"மத்தவங்களுது முடியட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்து பெயருக்கு மேல் அதில் இடமில்லை. ஒருமுறை என் தம்பி ஆசையாகக் கேட்டான்: "மாமா, அந்த டிரைவர் எப்பவோ ஒருநாள்தானே வர்றாரு? அவர் பேர எடுத்துட்டு என்னச் சேத்துக்கங்களேன்."

"பேர எடுத்தா அவன் கட்டுனதெல்லாம் சேந்து அழிஞ்சிடும், மாப்ள. மனசு வராது."

தம்பி முகம் தொங்கிப் போனது. ஒரு வாரம் நான் இவரோடு பேசவில்லை.

பிறகு கண்ணாடிக்கடைக்காரர் பேச்சை எடுத்தார். "உன் மெஷின் புட்டுக்கிச்சுன்னா எல்லாம் போச்சுடா. அந்த ஊரோட ஒரு காப்பி என்கிட்டயும் இருக்கட்டும்."

இவர் தயங்கினார். சமையலறையிலிருந்து நான்தான் கத்தினேன்: "குடுத்துத் தொலைங்களேன்! ஒரு வாரமாவது வேற எங்கயாவது போய்க் கூத்தடிக்கட்டும். நான் கால நீட்டிப் படுக்கணும்."

இவர் அன்றே காப்பி எடுத்துக் கொடுத்தார். சொன்னது நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சலாம், ஒருவருக்கு டியூட்டியாம். அதற்கடுத்த வாரம் காரணம்கூடச் சொல்லவில்லை. இவர் அதே இஸ்திரிச் சட்டையோடு நாற்காலிகளைப் போட்டு, கேபிள்களைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். நான் காலை நீட்டிப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே?

நாலாவது ஞாயிறு பதினொரு மணிக்கு ஃபோன். கண்ணாடிக்கடைக்காரர். இவர் முகம் மலர்ந்துபோய், எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் ஒரே சிரிப்பு. டிரைவரின் இருமல் எனக்குத் தெரியாதா?

"ஒண்ணுமில்லடா, என் மச்சான் வந்திருக்கான். அவனும் விளையாடணும்ங்கறான். இடமில்லன்னு காட்டுது. ஒரு பேர எப்படி எடுக்கறது? எந்தப் பேருன்னா..."

இவர் அவரை முடிக்க விடவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் நிதானமான குரலில் சொன்னார்: "பட்டியலத் திற. அஞ்சாவது பேர் மேல வை. அழிக்கவான்னு கேக்கும். ஆமான்னு குடு."

"மறுபடி கேக்குதுடா."

"ரெண்டு தடவ கேக்கும். குடு."

"ஆ, போயிடுச்சு! தேங்க்ஸ்டா. ஒருநாள் சும்மா வா, உக்காந்து பாரு."

ஃபோனை வைத்ததும் நான் கத்தினேன்: "நன்றி கெட்டவனுங்க! உங்க கம்ப்யூட்டர்ல அந்த ஊரு அப்படியேதான இருக்கு? நாலு பேர் பேரயும் அழிங்க. இப்பவே என் தம்பியக் கூப்பிடறேன்."

இவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அழிச்சா அவங்க கட்டுனதெல்லாம் போயிடுமே," என்றார்.

அன்று நாற்காலிகளை நான்தான் எடுத்து வைத்தேன்.