பொன்னாடை அல்ல, தலையணை உறை

பொன்னாடை போர்த்தாமல் எங்கள் பக்கம் ஒரு விழாவும் நடக்காது. நடந்தால் விருந்தினர் முகத்தில் ஈயாடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பொன்னாடை பற்றாமல் போனால் என் படைப்பில் கைவைப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் என் அக்கா எட்டுத் தலையணை உறைகளில் பூவேலை செய்தாள். கிளி, ரோஜா, ஓரமெல்லாம் சங்கிலித் தையல். அரிமளத்தில் அவள் வாழப்போன வீட்டில் அவற்றைத் தலைக்கு வைத்தது கொஞ்ச நாள்தான். அப்புறம் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் துணியாக்கிவிட்டார்கள். அக்காவும் அதையே பிடித்துப் பாத்திரம் இறக்கினாள். அவள் சுபாவம் அப்படி, எனக்குத்தான் ஆறவில்லை. போன வருஷம் அந்த வீட்டை ஒழித்தபோது, பழைய இரும்புக்காரருக்குக் கட்டிவைத்த மூட்டையிலிருந்து அந்த உறைகளையும் எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு கொத்துச் சாவியையும் எடுத்து வந்தேன். கரிக்கறையை வெளுக்காமல் உறைகளை நீளமாக இணைத்தேன். துணி சுருளாமல் தொங்க அடியோரத்தில் சாவிகளைத் தைத்தேன். இரண்டு மாச வேலை.

புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி, தொடக்க விழாவோடு. மேடையை ஒட்டிய சுவரில் அதை மாட்டினேன். தன் கைவேலையைச் சுவரில் பார்க்க, அறுபது வயசுக்கு மேல் முதல் தடவையாக, அக்கா பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் சுவரில் இரண்டு ஆணிதான் மிச்சம்.

அழைக்காமலே ஒரு பிரமுகர் வந்துவிட்டாராம். வாங்கிய பொன்னாடையில் ஒன்று குறைந்ததாம். விழாச் செயலாளர் சுவரில் கைக்கெட்டியதை உருவிப் போர்த்திவிட்டார். அந்த மனிதர் கும்பிடும்போதெல்லாம் சாவிகள் கலகலக்கின்றன, கூட்டம் கைதட்டுகிறது.

செருப்போடு மேடையேறினேன்.

"கழட்டிக் குடுங்க சார், அது பொன்னாடை இல்ல."

மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. போர்த்தியதைத் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை, விழா முடிந்ததும் வாங்கித் தருகிறேன் என்றார் செயலாளர். விழா முடிந்ததும் பொன்னாடைகள் கார் டிக்கிக்குள் போவதை நான் பார்த்ததே இல்லையா என்ன? நான் நகரவில்லை என்றதும், "பழைய துணிதானேங்க, இதுக்குப் போயி..." என்று இழுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விருந்தினர் தோளுக்கு மட்டும் அது ஆகும், நான் கேட்டால் பழசா? நானே கழற்றினேன். பிரமுகர், பாவம், தலையைக் குனிந்து கொடுத்தார்.

மறுபடி ஆணியில் மாட்டும்போது மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள். கரி படிந்த கிளியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"ஏன்டி, எல்லாரும் இங்கிட்டே பாக்குறாங்க?"

"ஒன் தையலத்தான் பாக்குறாங்க."

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.